பத்மினியில் வைத்த சிவப்புப் பொட்டு

என் அத்திம்பேர் வைத்தீஸ்வரனிடம் நீங்கள் மணி என்ன என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "மணி என்ன?" என்பார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் அவருக்கு அது மணி. இதில் என் அக்கா சாவித்ரிக்கும் விலக்கு கிடையாது. குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னால், அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "போட்டாளாடா?" என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? போட்டாள் என்று சொல்லித் தொலைப்பேன்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போகும் சாமானையும் வெளியே போகும் ஆட்களையும் சோதித்தே ஆயுளைக் கழித்தவர். சாயங்காலம் கேட்டில் நின்று தொழிலாளர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாராம். ஓய்வுக்குப் பிறகு திறந்து பார்க்க டிபன் பாக்ஸ் இல்லாமல் போகவே, எங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.

சமீபத்தில் அது முற்றிப்போயிருந்தது. எதிரே நிற்பவர் முகத்தை நேராகவே பார்ப்பதில்லை. தலையைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டு ஓரக்கண்ணால் ஒரு பார்வை. "உங்க அத்திம்பேர் பாக்கறப்போ, நான் எதையோ எடுத்து இடுப்புல சொருகிண்டு நிக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லி, என் மனைவி ஜெயஸ்ரீ மாடம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுப் படியேறுவதையே நிறுத்திவிட்டாள். என்னால் நிறுத்த முடியவில்லை. நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சேலையூரில் வீடு, கையில் வண்டி, வேளை கெட்ட வேளையில் ஓய்வு. அவருக்குச் சாட்சியாக அலைய என்னை விட்டால் ஆள் இல்லை.

அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அவருடைய கார். கல்யாணமான புதிதில் ஒருவரிடமிருந்து வாங்கிய வெள்ளைப் பத்மினி; ஸ்டியரிங்குக்கு அடியிலேயே கைகியர் போடுகிற ரகம். அதில் புது மனைவியை உட்கார வைத்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போன கதையை எங்கள் சொந்தக்காரர்களில் கேட்காதவர் யாரும் இல்லை. அந்த ஸ்டியரிங்கை வேறொருவர் தொட்டதும் இல்லை. டீச்சராக இருந்த சாவித்ரி, கூட வேலை பார்த்தவர்களோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். தவறாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டும் வந்தாள். சாவி மட்டும் அவள் கைக்கு வரவே இல்லை. "கியரை ஒடச்சுடுவ" என்பார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவள் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பத்மினி நின்றுபோயிற்று. ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. பெருச்சாளி வயரையெல்லாம் தின்று தீர்த்தது. தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே உட்கார்ந்தால் காலுக்கடியில் மண் தெரிந்தது. காயலான் கடைக்காரர் வாசலோடு போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

போன பொங்கல் கழிந்து ஒருநாள் அத்திம்பேர் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். "மறுபடியும் ஒரு தரம் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுண்டு, நானே ஓட்டிண்டு போய் கோயிலைப் பாத்துட்டு வந்துடணும்டா. அதுக்கப்புறம் இந்த வண்டி எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை" என்றார். அந்த மனிதர் எதையும் அப்படி ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாவித்ரி உள்ளே போய்விட்டாள்.

அகரம்தென் சாலையில் பென்னி என்பவனின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். அது சாவித்ரி சொன்ன இடம். பென்னி அவளிடம் படித்தவன். வாய் ஜாஸ்தி. நாளைக்கு என்றால் அடுத்த மாதம் என்று அர்த்தம். ஆனால் பழைய வண்டி என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை.

"டென்சன் ஆவாத சார். ஒரிஜினலா வேணும்னா மியூசியத்துலதான் வெக்கணும். ஓடணும்னா நான் சொல்றத கேளு" என்றான். பெரும்பாக்கத்தில் ஓடாமல் கிடந்த ஒரு பழைய டாக்ஸியிலிருந்து கதவு. புதுப்பேட்டையிலிருந்து முன்கிரில். டைனமோவைத் தூக்கிவிட்டு மாருதி வேனின் ஆல்டர்னேட்டர். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். வயரிங் மொத்தமும் புதுசு. அத்திம்பேர் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் திரும்பி, "அப்படியா?" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

வண்டியை விட்டுவிட்டு வருவதற்கு முன்பு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். சாவித்ரி எப்போதோ ஒரு கல்யாணத்துக்காக வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷ். ஸ்டோர்ஸில் சாமான் மாறிப்போகாமல் இருக்கப் பெயின்ட்டில் அடையாளம் வைப்பார்களாம். அதே முறை. ஸ்டியரிங், கார்புரேட்டர், ரேடியேட்டர், வீல் கப் என்று ஒன்று விடாமல், கண்ணுக்கு எளிதில் படாத மூலையில் தடவித் தடவிச் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. "இனிமே மாத்தினான்னா மாட்டினான்" என்றார். கழற்றி எறிகிற பழைய சாமானையும் மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பென்னிக்கு உத்தரவு. டைனமோவில் செம்பு இருக்கிறதாம், விற்றுவிடுவானாம். மாடம்பாக்கத்து வீட்டு பால்கனியில் துருப்பிடித்த சாமான் மூட்டைகள் ஏற ஆரம்பித்தன. அங்கே கொடிக்கு இடமில்லாமல் சாவித்ரி துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள்.

அப்புறம் வாராவாரம் சோதனை. என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருவார். அவருடைய ஸ்கூட்டரை அவர் தொடுவதில்லை. கேம்ப் ரோட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டோ தன்மேல் வந்து இடித்துவிட்டது என்றும், இந்த ஊரில் இனி மனுஷன் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்றும் சொல்லியிருந்தார். நின்றுகொண்டிருந்த ஆட்டோ எப்படி இடிக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் கேள்வி கேட்டால் திரும்ப இரண்டு கேள்வி வரும்.

ஒருநாள் பானட்டைத் தடவிக்கொண்டே, "கோணலா இருக்கு. நடுவுல நெளியறது" என்றார்.

எனக்கு நேராகத்தான் தெரிந்தது. பென்னிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் பேஜாரா கீது! டிங்கரிங் பண்ணி கை வீங்கிப் போச்சு எனக்கு. இரு, நூல் புடிச்சுக் காட்டுறேன்" என்று ஒரு நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடித்தான். அத்திம்பேர் தலையை ஒருக்களித்துப் பார்த்தார்.

"நூலையே கோணலாப் புடிக்கறான்" என்றார் என்னிடம்.

அடுத்த வாரம் கார்புரேட்டரில் பொட்டைக் காணவில்லை. அதற்கடுத்த வாரம் ரேடியேட்டரில் இல்லை. நான் குனிந்து பார்ப்பதற்குள், "நீ பாக்காதே, கையில கறை ஆயிடும். நான் பாத்தாச்சு, இல்லை. மாத்திட்டான்" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் சாவித்ரியிடம், "உன் ஸ்டூடன்ட் பெரிய ஆளு" என்றார். அவள் காபியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தான் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

இந்த நோய் ஒட்டுவாரொட்டி. எனக்கும் வந்தது. எல்லா வேலையும் முடிந்தமாதிரிதான் வண்டி இருந்தது. பெயின்ட் பளபளத்தது, சீட்டுக்கு உறை போட்டாயிற்று. ஆனாலும் பென்னி ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று சொன்னான். பம்ப் வரவில்லை. வந்த பம்ப் சேரவில்லை. பெயின்ட்டர் வேளாங்கண்ணி போய்விட்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் அவன் போன் மேஜைமேல் அடித்தது. திரையில் "சாவித்ரி மிஸ்" என்று வந்தது. அவன் அவசரமாகக் கவிழ்த்து வைத்தான்.

என் அக்காவுக்கும் இவனுக்கும் அத்திம்பேருக்குத் தெரியாமல் என்ன பேச்சு? வண்டியை விற்கப்போகிறார்களா? நல்ல நிலையில் இருக்கிற பத்மினிக்கு ஆள் தேடி வருவார்கள் என்று பென்னியே சொல்லியிருக்கிறான். பாவம், அவர் அதை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். முதல்முறையாக எனக்கு அவர்மேல் பரிவு வந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் சரியாகத்தான் சந்தேகப்பட்டாரோ என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையில் உட்கார ஆரம்பித்தேன். பாலிசி போட ஆள் பார்ப்பதாகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். வேறு வழியில்லாமல் அவருக்கு ஒரு பாலிசியும் போட்டேன். ஒரு மதியம் சாவித்ரியின் ஸ்கூட்டி வந்து ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பத்மினி தானாக உறுமிக்கொண்டு வெளியே வந்தது. ஓடாது, பம்ப் வரவில்லை என்றானே, அதே பத்மினி. பக்கத்து சீட்டில் பென்னி. ஓட்டிக்கொண்டிருந்தவள் என் அக்கா.

நான் டீ கிளாஸோடு சாலைக்கு நடுவில் போய் நின்றேன். அவள் பதற்றமில்லாமல் பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது? அவருக்குத் தெரியாம வண்டியை எங்கே கொண்டு போறே?"

"எங்கேயும் இல்லை. கைகியர் பழகறேன்."

"வண்டி ரெடியாயி எஃப்.சி. கூட எடுத்தாச்சு சார்" என்றான் பென்னி. "மிஸ்ஸுதான் இழுத்தடிக்கச் சொல்லிச்சு. உங்க மாமா என்னை திருடன்னு பாக்குறாரு, நான் வாய மூடிகினு கீறேன். மிஸ்ஸுக்காவ." சொல்லிவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டான்.

சாவித்ரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினாள். "காபியை டம்ளருக்கு வெளியில ஊத்தறார்டா. நான் டவராவைக் கோணலா வெச்சுட்டேன்னு திட்டறார். கேட்டோட கம்பியெல்லாம் நெளிஞ்சு போச்சுங்கறார். எதிர்ல நிக்கறவா மூஞ்சி அவருக்கு நடுவுல தெரியலை. ஓரத்துலதான் தெரியறது. அதுக்குத்தான் தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறார். நீங்கள்ளாம் அதை சந்தேகம்னு சொல்லிண்டிருக்கேள்."

நூல் நினைவுக்கு வந்தது. நின்றுகொண்டிருந்த ஆட்டோ நினைவுக்கு வந்தது. ஜெயஸ்ரீ நினைவுக்கு வந்தாள்.

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"காட்டினார், எனக்குத் தெரியாம, தனியாப் போய். பீரோவுல சொட்டுமருந்து இருக்கு, ரெண்டு வேற வேற ஆஸ்பத்திரி உறையில. முதல் டாக்டர் சொன்னதை நம்பாம இன்னொருத்தர்கிட்டப் போயிருக்கார். ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்லியிருப்பா. அவருக்குத் தெரியும்டா. ஒத்துக்க மாட்டேங்கறார், அவ்வளவுதான். வண்டி ரெடின்னு சொன்னா அந்த நிமிஷமே எடுத்துண்டு கிளம்பிடுவார். அதான் இழுத்தடிச்சேன்."

"நேரா சொல்லிட வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? உங்களுக்குக் கண்ணு போச்சு, நீங்க ஓட்ட முடியாதுன்னா? அந்த ஒரு ஆசையைப் பிடிச்சுண்டுதான் அவர் காலம்பற எழுந்துக்கறார்." அவள் கண் கலங்கிவிட்டது. "என்னிக்காவது சாவியை எங்கிட்டக் கொடுப்பார்னு வை. அன்னிக்கு எனக்கு ஓட்டத் தெரியணுமோல்லியோ?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அத்திம்பேர் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பும்போதெல்லாம், இவருக்கு இப்போது என் முகத்தில் எவ்வளவு தெரிகிறது என்று யோசித்தேன். தெரியாதவன்போல் இருப்பது எனக்கு வராத வித்தை. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நீயும் அவனோட சேந்துட்டியா?" என்றார். இல்லை என்றேன். கேட்டுக்கொள்ள அங்கே இரண்டாவது ஆள் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "பைக்கை எடு. இன்னிக்குக் காரை வாங்கிண்டு வந்துடறோம். முடிஞ்சிருந்தாலும் சரி, முடியலைன்னாலும் சரி. நான் ஓட்டிண்டு வரேன்." நான் போனபோது வெள்ளை வேஷ்டி கட்டி, விபூதி இட்டுக்கொண்டு தயாராக நின்றார். நான் ஜாடையாகச் சொல்வதற்குள் சாவித்ரி ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பென்னி அப்போதுதான் மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சாவித்ரியின் முகத்தைப் பார்த்தான். இதற்குமேல் சொல்ல அவளிடம் பொய் இல்லை. பத்மினி வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அத்திம்பேர் கதவைத் திறந்து உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"இது என் ஸ்டியரிங் இல்லை. பொட்டு இல்லை. இதையும் மாத்திட்டான்!"

நான் குனிந்து பார்த்தேன். நடு வளையத்துக்குக் கீழே, அவர் வைத்த இடத்திலேயே, செக்கச்செவேலென்று பொட்டு இருந்தது. பென்னி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் பொட்டின்மேல் வைத்தான். இந்தமுறை அவன் குரலில் கேலி இல்லை. "தடவிப் பாரு சார். மேடா கீதா?"

அத்திம்பேரின் விரல் அந்தச் சின்ன மேட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. நெயில் பாலிஷ் காய்ந்தால் தட்டுப்படும். வைத்தவருக்கு அது தெரியும். அவர் வேறு எதையும் சோதிக்கவில்லை. கார்புரேட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "சாவி" என்றார். பென்னி என்னைப் பார்த்தான், சாவித்ரியைப் பார்த்தான், பிறகு கொடுத்தான்.

என்ஜின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சத்தத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. கிளட்சை மிதித்து, கைகியரைத் தன் பாட்டில் முதல் கியரில் போட்டார். கை எதையும் மறக்கவில்லை.

அப்போது சாவித்ரி போய் வண்டிக்கு நேர் எதிரே, பானட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பென்னி "மிஸ்ஸு!" என்று பதறி ஓரடி வைத்துவிட்டு நின்றான்.

அத்திம்பேர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். நேராக அவளைத்தான் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி என்னிடம் கேட்டார்:

"முன்னாடி யாரும் இல்லையே?"

அவர் என்னிடம் கேட்ட ஆயிரம் கேள்விகளுக்கு யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நிமிர்ந்து சாவித்ரியைப் பார்த்தேன்.

"இருக்கா. அக்கா நிக்கறா."

"எங்க?"

"நேர் எதிர்ல. நடுவுல."

இரண்டாவது ஆளாகப் பென்னி அங்கேதான் நின்றான். அவர் அவனைக் கேட்கவில்லை. கியரை எடுத்தார். என்ஜினை அணைத்தார். அவர் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துப் பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் திருப்பவில்லை. இத்தனை நாள் இவரைப் பார்த்துச் சிரித்தவன் இதையும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

பிறகு அவர் இறங்கினார். பானட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கமாக நடந்தார். சாவித்ரியின் கை தட்டுப்பட்டதும் நின்றார். அந்தக் கையை விரித்துச் சாவியை வைத்து மூடினார்.

"கியரை ஒடச்சுடாதே" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

அவரே தடவிப்போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். பைக்கையும் ஸ்கூட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு நான் பின்னால் ஏறினேன். வண்டி அகரம்தென் சாலையில் மெதுவாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நெரிசல்; கறிக்கடைக் கூட்டம், ஷேர் ஆட்டோக்கள், குறுக்கே மாடுகள். சாவித்ரி ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டாள். அவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் வலது காலைத் தரையில் அழுத்தினார்.

கேம்ப் ரோடு முனையில் வண்டி நின்றது.

"சிக்னல் என்ன கலர்?" என்றார்.

"சிவப்பு" என்றாள் சாவித்ரி.

பழக்கம் என்னை விடவில்லை. பின்சீட்டில் முன்னே சாய்ந்து, ஆமாம், சிவப்புதான் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.